இரண்டாவது லைனில் இருந்தவள்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை குஜராத்துக்குப் போகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது நீ என்னிடம் ஒரு உதவி கேட்டாய். அங்கே புதிதாகத் திறக்கப்போகும் தொழிற்சாலையில், வேலை செய்கிறவர்களின் நலனுக்கென்று ஒரு துறையை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து உண்டாக்கும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். "அம்மா, நீ கம்பெனியில மாற்று ஆள் முறையைக் கொண்டு வந்தியே, அது எப்படி நிலைச்சுதுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடு, எனக்கு அது போதும்" என்றாய். அதற்கென்ன என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வருடமாகப் பயிற்சி வகுப்புகளில் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமான கதைதானே அது. அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். முதல் பக்கத்தோடு பேனா நின்றுவிட்டது. வகுப்பில் நான் சொல்லும் கதையில் ஒருத்தி இல்லை. இத்தனை வருடமும் அவளை விட்டுவிட்டுத்தான் சொல்லி வந்திருக்கிறேன். உனக்கும் அப்படியே எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் இரண்டு பக்கத்தில் முடியாது. பொறுத்துக்கொண்டு படி.

நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த காலம் அது. ஓசூரில் ஒரே அறையும் சமையல்கட்டும் உள்ள வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா லேத் பட்டறைக்குப் போனார். நான் சூளகிரிப் பக்கம் நெடுஞ்சாலையோரம் இருந்த கம்பெனியில் சூப்பர்வைசர். வண்டிகளுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து அனுப்பும் கம்பெனி. என் பொறுப்பில் இரண்டு லைன்கள். ஒவ்வொன்றிலும் முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் முன்னால் பலகை நகர்ந்துகொண்டே இருக்கும். அது தன்னைக் கடந்து போவதற்குள் ஒவ்வொருத்தியும் தன் ஒயரைச் சொருகிவிட வேண்டும். ஒருத்தி எழுந்தால் மொத்த லைனும் நிற்கும். அதனால் கழிப்பறைக்குப் போக லைனுக்கு ஒரு டோக்கன் வைத்திருந்தார்கள். இரண்டு டோக்கன்களும் என் மேசையில்தான் இருக்கும். கேட்டு வருகிறவளிடம் டோக்கனைக் கொடுத்துவிட்டு அவள் இடத்தில் நானோ லைன் லீடரோ உட்காருவோம். எங்களுக்கு வேறு வேலை இருந்தால் டோக்கன் கிடையாது. அதைக் கொடுக்கும் கையாக நான் பல வருடம் இருந்தேன். அதில் தப்பு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் வேலை முடிந்து பெண்கள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பைகளைச் சோதிக்கும் இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. பையிலிருந்து வெளியே வந்த தண்ணீர் பாட்டில்கள் ஏறக்குறைய எல்லாமே கழுத்துவரை நிறைந்திருந்தன. சித்திரை மாத வெயில். எட்டு மணி நேரம் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். ஏன் குடிக்கவில்லை என்று ஒருத்தியைக் கேட்டேன். குடித்தால் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் உங்களிடம் வந்து கேட்க வேண்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். என் முன்னால் வந்து நிற்பதைவிடத் தாகத்தோடு இருப்பது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

லைனுக்கு ஒரு கூடுதல் ஆள் வேண்டும், எல்லா இடத்து வேலையும் தெரிந்தவளாக, எழுந்து போகிறவள் இடத்தில் உட்காருவதற்கென்றே ஒருத்தி வேண்டும் என்று மேனேஜரிடம் இரண்டு முறை கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. கோலார் பக்கத்துக்காரர், தமிழையும் கன்னடத்தையும் கலந்து மரியாதையாகத்தான் பேசுவார். ஆனால் இரண்டு முறையும் முடியாது என்றார். நாளைக்கே பத்து லைன்காரர்களும் கேட்பார்கள், கொடுத்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது, மேலே இருப்பவர்களிடம் எதை வைத்துப் பேசுவது என்றார். அவரும் ஒரு நாற்காலியில் கட்டுண்டவர்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்தச் சமயத்தில் நீ பள்ளிக்காக அவரைச் செடி வளர்த்துக்கொண்டிருந்தாய். இரண்டு டம்ளரில் இரண்டு செடி. ஒன்று ஜன்னலில், ஒன்று அலமாரிக்குள். ஏன் ஒன்றை இருட்டில் வைக்கிறாய் என்று கேட்டேன். "ரெண்டையும் வெயில்ல வெச்சா வெயில்னாலதான் வளருதுன்னு எப்படிம்மா சொல்ல முடியும்?" என்றாய். சோற்றை இறக்கிக்கொண்டிருந்த எனக்குச் சட்டென்று வழி தெரிந்த மாதிரி இருந்தது. மறுநாள் மேனேஜரிடம் போய், நிரந்தரமாகக் கூடுதல் ஆள் வேண்டாம் சார், மூன்று மாதம் ஒரே ஒரு லைனில் மட்டும் செய்து பார்ப்போம், சரிவராவிட்டால் மறுநாளே நிறுத்திவிடலாம், பக்கத்து லைன் பழையபடியே ஓடட்டும், இரண்டையும் ஒப்பிட்டால் உங்களுக்கே தெரிந்துவிடும் என்றேன். ஒரு டீ குடித்து முடிக்கும் நேரத்துக்குள் ஒத்துக்கொண்டார். நீ கேட்டதற்கு முதல் பதில் இதுதான். ஒரு புது முறையை நிரந்தரமாகக் கொண்டுவா என்றால் எவரும் பயப்படுவார்கள். செய்து பார்க்கலாம் என்றால் தோற்றாலும் யாருக்கும் தலைகுனிவு இல்லை. அதனால் கதவு திறந்துவிடுகிறது. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மூன்று மாதம் முடியும்வரை ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு ஆள் மாற்றக்கூடாது, மாற்றினால் ஒப்பிட முடியாது. நியாயம்தானே என்று நானே கையெழுத்துப் போட்டேன்.

முதல் இரண்டு வாரம் எல்லாம் சொதப்பல். மாற்று ஆளாகப் போட்ட பெண்ணுக்குப் பாதி இடத்து வேலை தெரியவில்லை. உட்காராமல் நிற்கிறவள் என்று மற்றவர்கள் அவளைக் கேலி செய்தார்கள். கையைத் தூக்கினால் அவள் வருவாள் என்று வைத்திருந்தோம். ஒருத்தியும் கையைத் தூக்கவில்லை. அத்தனை ஆண்கள் நடமாடும் இடத்தில் எதற்குக் கை தூக்குகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் அல்லவா? அது எனக்குத் தோன்றவில்லை. பிறகு மாற்றினேன். யாரும் கேட்க வேண்டாம், மாற்று ஆள் முதல் இடத்திலிருந்து கடைசி இடம்வரை வரிசையாக வந்துகொண்டே இருக்கட்டும், தன்னிடம் வரும்போது போகிறவள் போகட்டும், வேண்டாம் என்றால் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கட்டும் என்றேன். கேட்கும் வேலையே இல்லாமல் போனது. ஐந்தாவது வாரத்தில் மாற்று ஆள் இருந்த முதல் லைனில் தப்பான இடத்தில் சொருகும் ஒயர்கள் நன்றாகக் குறைந்துவிட்டன. லைன் நிற்பது குறைந்தது. மதியத்துக்குமேல் பெண்கள் ஒருவரோடு ஒருவர் பேசிச் சிரிப்பதை முதல் தடவையாகக் கேட்டேன். இதுதான் சரியான வழி என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இதைக் குறித்து வைத்துக்கொள், கண்ணு. ஐந்தாவது வாரத்திலேயே எனக்குத் தெரியும்.

இரண்டாவது லைனில் மாதேவி என்று ஒரு பெண் இருந்தாள். அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் மலையடியில் ஒரு சிற்றூர். அங்கிருந்து தினமும் வந்து போக முடியாது என்பதால் புருஷனை ஊரில் விட்டுவிட்டு நாலைந்து பெண்களோடு ஓசூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வீட்டில் பேசுவது கன்னடம். தமிழை நிதானமாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசுவாள். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவள். ஆறாவது வாரத்தில் ஒரு நாள் டீ இடைவேளையில் என் மேசைக்கு வந்தாள். மற்றவர்கள் நகரும்வரை நின்றிருந்துவிட்டு, "அக்கா, என்னெ அந்த லைனுக்கு மாத்தி விடுங்க. கொஞ்ச நாளைக்கு மட்டும் போதும்" என்றாள்.

ஏன் என்று கேட்டேன். சும்மாதான் அக்கா என்றாள். மாற்ற முடியாது, மூன்று மாதம் ஆள் மாற்றக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒருத்தியை மாற்றினால் எல்லோரும் கேட்பார்கள், அப்புறம் ஒப்பிடுவதற்கு ஒன்றும் இருக்காது, இது யாருக்குமே இல்லாமல் போய்விடும் என்று பொறுமையாக விளக்கினேன். கடைசியில் நான் சொன்ன வார்த்தை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இன்னும் ஆறு வாரம்தான். பொறுத்துக்கோ. அப்புறம் எல்லாருக்குமே வந்துடும்." அவள் தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். இரண்டாவது தடவை கேட்கவே இல்லை.

அவள் கர்ப்பமாக இருந்தது எனக்குத் தெரியாது என்று பிறகு கேட்ட எல்லோரிடமும் சொன்னேன். மேனேஜரிடம் சொன்னேன். அவள் புருஷனிடம் சொன்னேன். அப்பாவிடம்கூட அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அது பொய். எனக்குத் தெரியும். கேண்டீனில் புளிசாதத்தின் வாசனைக்கு அவள் முகத்தைத் திருப்பியதைப் பார்த்திருந்தேன். தொளதொளவென்று ஒரு அளவு பெரிய சீருடைக் கோட்டை மாற்றி வாங்கிக்கொண்டதைப் பார்த்திருந்தேன். ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவள் கர்ப்பம் என்று தெரிந்தால் மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று ஆள் அனுப்பும் ஏஜெண்டு சொல்லிவிடுவான். அதனால் மறைக்கிறாள் என்பதும் தெரியும். உன்னை ஐந்து மாதம் அப்படி மறைத்துச் சுமந்தவள் நான். முதல் வேலை போய்விடக்கூடாது என்று சேலையைத் தளர்த்திக் கட்டி, வாந்தி வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்கா தெரியாது? அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, அதனால் எனக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை என்று வைத்துக்கொண்டேன். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் நான் ஏதாவது செய்தாக வேண்டும். செய்தால் என் சோதனை கெட்டுவிடும்.

ஒன்பதாவது வாரத்தில், காலை பத்தரை மணி இருக்கும், மாதேவி பலகைமேல் சாய்ந்தாள். தொட்டபோது உடம்பு நெருப்பாகக் கொதித்தது. இரண்டு நாளாகவே காய்ச்சலாம். அவளோடு அறையில் இருந்த பெண்கள் சொன்னார்கள். கம்பெனி வண்டியில் ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். என் மடியில்தான் தலை வைத்திருந்தாள். சிறுநீரில் தொற்று முற்றிப்போய்க் காய்ச்சல் வந்திருக்கிறது என்றார்கள். நான்கு மாதக் குழந்தை தங்கவில்லை. அடக்கி அடக்கி வைத்ததால் இப்படி ஆகியிருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். இதனால்தான் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார்கள். பன்னிரண்டு வருடமாக அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில்தான் இருக்கிறேன். ஒரு பக்கம் சாய்ந்து அழவும் முடியவில்லை, இன்னொரு பக்கம் சாய்ந்து மறக்கவும் முடியவில்லை.

அஞ்செட்டிப் பக்கமிருந்து பஸ் பிடித்து அவள் புருஷன் வந்து சேர சாயங்காலம் ஆகிவிட்டது. வார்டு வாசலில் என்னைப் பார்த்துக் கை கூப்பினான். "நீங்க இருந்ததாலெதான் உடனே கொண்டு வந்தாங்களாம். ரொம்ப நன்றிங்க" என்றான். நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். மாதேவி கட்டிலில் கண் திறந்துதான் படுத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் கம்பெனிக்கு வரவே இல்லை.

மறுநாள் காலையிலேயே மேனேஜர் இரண்டாவது லைனுக்கும் மாற்று ஆள் போட்டுவிட்டார். மூன்று மாதம் முடியக் காத்திருக்கவில்லை. அவ்வளவு எளிதாக இருந்தது அது. ஒரு வாயசைவு, அவ்வளவுதான். பிறகு என்னைக் கூப்பிட்டு, மேலே அனுப்ப வேண்டும், இரண்டு லைனையும் ஒப்பிட்டு அறிக்கை எழுதிக் கொடு என்றார். எழுதினேன். எந்த லைன் எத்தனை நேரம் நின்றது என்ற இடத்தில், மாதேவி சாய்ந்து விழுந்த அன்று லைன் நின்ற நேரமும் சேர்ந்தது. நான் கூட்டாமல் விட்டிருக்கலாம். கூட்டினேன். அதனால் இரண்டு லைனுக்கும் இருந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அறிக்கையைப் படித்துவிட்டு மேனேஜர், "யாரும் மறுத்துப் பேச முடியாதும்மா" என்று பாராட்டினார். சில மாதத்தில் அது எழுத்தில் விதியாக வந்தது. அதற்கென்று ஒரு பதவி, ஒரு அறை, ஒரு பயிற்சிப் புத்தகம் எல்லாம் வந்தன. அந்தப் பதவியை எனக்கே கொடுத்தார்கள். அக்கம்பக்கத்துக் கம்பெனிகளிலும் என்னைக் கூப்பிட்டுச் சொல்லித்தரச் சொன்னார்கள். இன்று இந்தப் பகுதியில் எத்தனையோ பெண்கள் யாரிடமும் கேட்காமல் எழுந்து போகிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்கள். அதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

ஆனால் உள்ளே நான் சிக்கிக்கொண்டேன். விட்டுவிட்டுப் போகலாம் என்று பலமுறை நினைத்தேன். நான் போனால் அந்தப் பதவியை எடுத்துவிடுவார்கள், ஆள் குறைப்பு என்று வந்தால் முதலில் இதில்தான் கை வைப்பார்கள் என்று பயம். உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். இது வேண்டாத செலவு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். நான் வாயைத் திறந்தால் அவர்கள் கையில் பிடி கொடுத்ததாகிவிடும். எல்லா வகுப்பிலும் முதல் லைனின் கதையை மட்டும் சொன்னேன். இரண்டாவது லைனை ஒரு எண்ணாகக் காட்டினேன். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் காரணமில்லாமல் உன்மேல் எரிந்து விழுந்த நாட்கள் உனக்கு நினைவிருக்கும். அதில் ஒன்றுக்கு மட்டுமாவது காரணம் சொல்கிறேன். அலமாரியில் வைத்த அவரைச் செடி வெளுத்துத் துவண்டுபோனதைப் பார்க்க முடியாமல், ஆசிரியர் சொன்ன நாளுக்கு முன்பே நீ அதை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டாய். அதற்கு மதிப்பெண் குறைத்த தாளை இரண்டு மாதம் கழித்து நீ கொண்டு வந்தாய். பொறுமையே கிடையாதா உனக்கு, எடுத்த காரியத்தை ஒழுங்காக முடிக்கத் தெரியாதா என்று உன்னை அடித்தேன். மாதேவி ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் அது. நீ ஏன் அழாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் ஒரு கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். புது இளம் பெண் ஒருத்தி முகம் வெளுத்து நெளிந்துகொண்டிருந்தாள். லைன் லீடர் அவளிடம், உன் முறை இன்னும் வரவில்லை, மாற்று ஆள் பதினெட்டாவது இடத்தில்தான் இருக்கிறாள், உட்கார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குறுக்கிட்டேன். அந்த லீடர் மரியாதையாக என் பயிற்சிப் புத்தகத்தையே திறந்து, வரிசை மாறக்கூடாது என்று நான் எழுதிய வரியைக் காட்டினாள். அந்த வரிசை நாங்கள் ஒரு மதியத்தில் யோசித்துச் செய்து பார்த்தது என்பதோ, அதற்கு முன் செய்தது தோற்றது என்பதோ அவளுக்குத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை அது எப்போதும் இருந்த சட்டம். ஒரு முறை நிலைத்துவிட்டால் அதில் இருப்பவர்கள் அதை மாற்றிப் பார்க்கலாம் என்பதையே மறந்துவிடுகிறார்கள். அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து எழுப்பி அனுப்பிவிட்டு நான் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். பலகை வந்தது. என் விரல்கள் ஒயரை மறந்துவிட்டிருந்தன.

உனக்கு எழுத முடியாமல் போன மறுநாள் நான் கிருஷ்ணகிரிக்குச் சித்தி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேனே, அங்கே போகவில்லை. மாதேவியோடு அறையில் இருந்த ஒரு பெண்ணிடம் ஊர் பேரை விசாரித்துக்கொண்டு, தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்து இன்னொரு பஸ். இறங்கும்போதே கண்டக்டர், திரும்பிப் போகிற பஸ் நாலரைக்குத்தான், அதை விட்டால் இன்றைக்கு வேறு கிடையாது என்று எச்சரித்தார். அப்போது பன்னிரண்டு மணி. நான் பேச வந்ததைப் பேசிவிட்டு ஓடிவிட முடியாது என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

மாதேவி வாசலில் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாடு, ஒரு மகள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் யார் என்று கேட்கவில்லை. "வாங்கக்கா" என்று எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. குடித்துவிட்டால் சொல்ல வராது என்று பயம். அவள் மறுபடி முறத்தை எடுத்தபோது சொன்னேன்.

"மாதேவி, நீ முழுகாம இருந்தது அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் முடியாதுன்னு சொன்னேன்."

அவள் முறத்தை ஆட்டுவதை நிறுத்தவில்லை. உமி பறந்துகொண்டிருந்தது. என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்க்கா. அதனாலெதானே உங்ககிட்டெ வந்து கேட்டேன்."

அதற்குமேல் அவள் என்னைத் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. இப்போது அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். அந்தப் புது முறையில் பெண்கள் கேட்காமலே எழுந்து போகலாமா என்று கேட்டாள். போகலாம் என்றேன். நல்லது என்றாள். பிறகு களி கிண்டிக் கீரையோடு போட்டாள். சாப்பிட்டேன். நாலரை மணிவரை அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பாலுக்குப் பாத்திரம் கழுவி, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போக எனக்கு இடமில்லை.

நீ அங்கே போய் எதை ஆரம்பித்தாலும் சின்னதாக, ஒரு மூலையில் செய்து பார்த்துத்தான் ஆரம்பிப்பாய். அதுதான் வழி, வேறு வழி எனக்கும் தெரியாது. தோற்பதை உடனே மாற்று. நிலைத்ததை எழுதும்போது இது மாற்றத்தக்கது என்பதையும் சேர்த்து எழுது. என் புத்தகத்தில் அந்த ஒரு வரி இல்லாமல் போய்விட்டது. இவையெல்லாம் நீயே கற்றுக்கொள்வாய். நான் சொல்ல வந்தது வேறு. உன் சோதனைக்கு வெளியே நிற்கும் வரிசையிலிருந்து, யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாத ஒருத்தி, ஒரு நாள் உன் மேசைக்கு வந்து தன்னை மாற்றச் சொல்லிக் கேட்பாள். ஏன் என்று கேட்காதே. விளக்கம் சொல்லாதே. அவளை மாற்றிவிடு, உன் ஒப்பீடு கெட்டுப்போகட்டும்.

அம்மா